எல்லாளன் மணியும் இயற்கைத் தீங்கும்

கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்திலிருந்து அரசு செலுத்திய சோழநாட்டுத் தமிழ் மன்னன் எல்லாளன், 44 ஆண்டுகள் நடுவுநிலை பிறழாது ஆண்டான் என மகாவம்சம் கூறும். மகாநாம தேரர் பாளிமொழியில் யாத்த அந்நூலின் காப்பியத் தலைவன், எல்லாளனைப் போரில் வென்ற துட்டகைமுனுவே ஆவன். தன் தலைவனது பகைவனை இத்துணை மனமுவந்து போற்றும் வரலாற்று நூல்கள் உலகிற் பலவல்ல. எல்லாளனது படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணி தொங்கிற்று. அதனோடு பிணித்த நீண்ட கயிற்றை முறைவேண்டுவார் எவரும் இழுக்கலாம். அங்ஙனம் இழுத்தோராக அந்நூல் குறிப்பிடுவோர் மூவர். ஒன்று பசு; ஒன்று பறவை; மூன்றாவதாக ஒரு முதியவள்.

பசுவின் வழக்கு யாவரும் அறிந்தது. அரசிளங்குமரனது தேர்க்காலிற் கன்று மடிந்தது. தாய்ப்பசு மணியை அடித்தது. அரசன் அதே தேர்க்காலால் தன் மகனது உயிரைப் போக்கினான். இக்கதையையே சேக்கிழார் பெருமான் திருவாரூரிலே நிகழ்ந்ததாக வைத்து மனுநீதி கண்ட சோழன் வரலாறாகப் பாடினார். ஏனைய இரு வழக்குகளும் தமிழ் மக்களிடை அத்துணை வழங்குவதில்லை. பனைமரமொன்றிற் கூடுகட்டியிருந்த பறவையின் குஞ்சினைப் பாம்பு விழுங்கிற்று. தாய்ப்பறவை மணிக்கயிற்றை இழுத்தது. அரசன் பாம்பினைப் பிடிப்பித்து, அதன் வயிற்றைக் கீறிக் குஞ்சினை எடுப்பித்து, பாம்பினை அம்மரத்திலேயே தொங்கவிடுவித்தான். பின்னொருநாள் முதியவளொருத்தி வெயிலிற் காயவிட்ட அரிசி, காலமல்லாக் காலத்துப் பெய்த மழையால் நனைந்து கெட்டது. அவளும் மணியை அடித்தாள். மழைக்கு அரசன் என் செய்வான்? ஆயினும் எல்லாளன் அவளைத் திருப்பியனுப்பவில்லை. தன் ஆட்சியில் நேர்ந்த குறைக்குத் தானே பொறுப்பெனக் கருதி உண்ணா நோன்பு கிடந்தான். அதனால் இந்திரன் மனமிரங்கி, வாரத்துக்கொருமுறை நள்ளிரவில் மட்டுமே மழை பெய்யுமாறு செய்வித்தான் என்பது கதை.

இக்கதைகள் நடந்தவையா, நடவாதவையா என்பது ஈண்டு ஆராயப்படுவதன்று. மூன்று மணியோசையும் மூன்று வகைத் துன்பத்தைச் சுட்டுகின்றன என்பதே கருதற்பாலது. முதலாவது, மனிதன் தன் செயலால் விளைத்த துன்பம். இரண்டாவது, ஓருயிரின் பசி பிறிதோருயிர்க்கு விளைத்த துன்பம். மூன்றாவது, உயிரல்லாத மழையால் வந்த துன்பம். மேல்நாட்டு மெய்யியலார் முதலாவதை ஒழுக்கத் தீங்கு என்றும், பின்னிரண்டையும் இயற்கைத் தீங்கு என்றும் பிரிப்பர். நம் நாட்டுப் பிரிவு வேறு. சாங்கிய காரிகை தன் தொடக்கத்திலேயே கூறும் முத்திறத் துன்பத்துள், தன் உடலாலும் மனத்தாலும் வருவது ஆதியான்மிகம். பிற உயிர்களால் வருவது ஆதிபௌதிகம். மழை, காற்று, இடி முதலியவற்றால் வருவது ஆதிதைவிகம். இப்பகுப்பில் இளவரசனது தேரும் பாம்பின் வாயும் ஒரே வகுப்பில் அடங்குதல் காண்க. துன்புறுவோன் பக்கம் நின்று நோக்கிச் செய்த பகுப்பாதலின், துன்புறுத்தியது அறிவுடைய மனிதனா, அறியா விலங்கா என்பது இதிற் பொருட்படுத்தப்படவில்லை.

கடவுள் முற்றறிவும் முழுவன்மையும் பேரருளும் உடையராயின், குழந்தையும் குருவியும் குற்றமின்றி வருந்துதல் எதனால்? இவ்வினா 1755 நவம்பர் 1-ஆம் நாள் ஐரோப்பாவை உலுக்கியது. கிறித்தவர் சகல பரிசுத்தவான்களின் திருநாளைக் கொண்டாடிய அக்காலையில் போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தாலும் கடற்பெருக்காலும் தீயாலும் அழிந்தது. தொழுதுகொண்டிருந்தோர்மீது தேவாலயங்களே வீழ்ந்தன. இறைவன் படைத்திருத்தற்கியன்ற உலகங்களுள் இதுவே தலைசிறந்ததென 1710-இல் லைப்னிட்சு எழுதிய நூலின் கொள்கையை வோல்தேயர் எள்ளி நகையாடினார். கடலுக்கு அப்பாலான இக்கதை இலங்கையர்க்கு அயலானதன்று. 2004 டிசம்பர் 26, ஞாயிறும் பூரணையும் கூடிய நாள். அன்று காலை கடல் எழுந்து முல்லைத்தீவு முதல் காலி வரை உண்ட உயிர்கள் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டன. கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் கரையிலிருந்த அளவில் ஒன்றுபோலவே அடிபட்டன.

மேல்நாட்டார் கூறும் விடைகளுட் பெரும்பாலன மனிதனை மட்டும் கருதியவை. மனிதனுக்கு விருப்புரிமை வேண்டும்; அதனைத் தவறாகப் பயன்படுத்தலால் தீங்கு விளைகின்றது என்பது ஒன்று. துன்பமின்றிப் பொறையும் வீரமும் இரக்கமும் வளரா. ஆதலின் இவ்வுலகம் ஆன்மாவைப் பண்படுத்தும் பட்டறை என்பது மற்றொன்று. பின்னதனை ஜோன் ஹிக் என்னும் ஆங்கில அறிஞர் 1966-இல் விரிவாக நிறுவினார். ஆயின் 1979-இல் அமெரிக்க மெய்யியலறிஞர் வில்லியம் றோ எடுத்துக்காட்டிய மான்கன்றினை இவ்விடைகள் தொடுவதில்லை. காட்டின் நடுவே மரத்தை இடி தாக்கித் தீ மூள்கின்றது. கன்றொன்று வெந்து நாட்கணக்காய்த் துடித்து இறக்கின்றது. பார்த்தவர் எவருமிலர். அதன் வேதனையாற் பண்பட்ட ஆன்மா யாது? விலங்குகள் ஆன்மாவற்ற பொறிகளே என 17-ஆம் நூற்றாண்டில் டேக்கார்ட் கூறியதைப் பின்பற்றியோர் இவ்வினாவினின்று எளிதிற் தப்பினர். உயிர்ச்சமன்மையை ஒப்பும் மரபினர்க்கு அவ்வாயில் அடைபட்டது.

தமிழ் மரபில் அது தொன்றுதொட்டே அடைபட்டுள்ளது. தொல்காப்பிய மரபியல் புல்லும் மரமும் முதலாக மக்கள் ஈறாக ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை நிரல்படுத்துகின்றது. அந்நிரல் அறிவின் நிரலே. புல்லுக்கும் உயிருண்டு என்பதே அதன் அடிக்கோள். சைவ சித்தாந்தமோ ஒருபடி மேற்சென்று, தாவரம் முதல் தேவர் ஈறான எழுவகைப் பிறப்பிலும் புகும் உயிர் ஒருதன்மைத்தே என்னும். இன்று புழுவாயிருப்பது முன்பு மனிதனாயிருந்திருக்கலாம்; இனியும் ஆகலாம். இச்சமன்மை இரக்கத்தால் வழங்கிய சலுகையன்று. உயிரின் இயல்பிலேயே உள்ளது. எனவே சித்தாந்தி மான்கன்றினை ஒதுக்கிவைத்து விடைகூற இயலாதவனாகின்றான். ஒருவகையில் மேல்நாட்டாரினும் கடினமான வினா அவன் முன் நிற்கின்றது.

அவன் கூறும் விடை இது. பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. இறைவன் உயிரையும் படைத்திலன். அதனைப் பற்றிய ஆணவமலத்தையும் படைத்திலன். செம்பிற் களிம்புபோல அது உடன் உள்ளது. களிம்பு நீங்குதற்கே உடலும் உலகமும் தரப்படுகின்றன. வினை சடமாதலின் தானே சென்று செய்தவனைப் பற்றாது. இறைவனே அதனை அளவறிந்து ஊட்டுகின்றான். நோயாளி கதறினும் கத்தியெடுக்கும் மருத்துவனது செயல்போல அதுவும் அருளே, மறக்கருணை எனப்படும். பிரம சூத்திர உரையிற் சங்கரர் கூறும் மழையுவமையும் இதற்கு ஒத்ததே. மழை எல்லா வயலிலும் ஒருபடித்தாகவே பெய்கின்றது. நெல்லாதலும் வேறாதலும் வித்தின் வேறுபாடு. ஆதலால் இறைவன்பாற் பாரபட்சமும் கொடுமையும் இல என்பது அவர் துணிபு.

இவ்விடைக்கு ஒரு பெருமை உண்டு. அது எவ்வுயிரையும் புறத்தே நிறுத்துவதில்லை. ஒரு தடையும் உண்டு. செய்த குற்றத்தை நினைவிற் கொள்ளாத உயிரைத் தண்டித்தலால் திருத்தம் யாங்ஙனம் உண்டாகும்? நினைவு வேண்டுவதின்று என்பர் சித்தாந்திகள்; மருந்தின் பெயரறியாக் குழவிக்கும் மருந்து பயன்செய்யும்; நுகர்ந்து கழித்தலானே மலம் பரிபாகமடையும். விலங்குடல் பெரும்பாலும் வினையை நுகர்தற்கும், மனிதவுடல் நுகர்தலோடு புதுவினை ஈட்டுதற்கும் கருவி என்ற வேறுபாடும் கொள்ளப்படும். தருக்க நெறியில் இது பழுதற்றதே. எனினும் உள்ளம் முழுதும் அமைதியுறுகின்றதா என்பது வேறு கேள்வி. அதற்குக் குளவியின் கதை ஓர் உரைகல்.

குளவி புழுவொன்றைக் கொணர்ந்து மண்கூட்டில் அடைத்துக் கொட்டிக் கொட்டித் தன் வடிவாக்கும் என்பது நம் சமய நூல்களிற் பெரிதும் பயின்ற உவமை. வடமொழியார் இதனைப் பிரமர கீட நியாயம் என்பர். குரு மாணாக்கனைத் தன்மயமாக்குதலுக்கு இதனினும் இனிய உவமை எவருக்கும் கிடைத்திலது. சுவரோரத்தில் மண்கூடு கட்டும் குளவியை நோக்கினோர் உள்ளே புழு சென்றதையும், பன்னாட் கழிந்து குளவி வெளிப்பட்டதையும் கண்டனர். இடையே நிகழ்ந்ததைக் கண்டிலர். நிகழ்வது வேறு. கொட்டுண்ட புழு சாகாமல் அசைவற்றுக் கிடக்கின்றது. அக்கூட்டில் இடப்பட்ட முட்டையினின்று வெளிவரும் குளவிக் குடம்பி, புழுவை உயிரோடு தின்று வளர்கின்றது. இவ்வினத்தை ஒத்த ஒட்டுண்ணிக் குளவிகளைக் குறித்தே டார்வின் 1860-இல் ஆசா கிரே என்னும் தாவரவியலறிஞருக்குக் கடிதம் எழுதினார். உயிருள்ள புழுவின் உடலுள் மேயுமாறு இவற்றை அருளுடைய கடவுள் வேண்டுமென்றே படைத்தார் எனத் தம்மால் நம்பவியலவில்லை என்பது அதன் கருத்து. நம்மவர் அருளுக்குக் காட்டிய எடுத்துக்காட்டே டார்வினுக்கு அருளின்மைக்குச் சான்றாயிற்று! உவமை பொய்த்தமையால் குருவருள் பொய்த்துவிடாது. ஆயின் உவமையுள் மறைந்திருந்த புழு இப்பொழுது வெளிப்பட்டுவிட்டது; அதன் பொருட்டும் ஒரு மறுமொழி வேண்டப்படுகின்றது.

இனி எல்லாளன் பாம்புக்கு அளித்த தீர்ப்பினை நோக்குவாம். பசுவுக்கும் பறவைக்கும் முறைமன்றம் திறந்த அப்பெருமை ஒப்பற்றது. எனினும் பாம்பு என் குற்றம் செய்தது? பசித்தது, உண்டது. பிரான்சு நாட்டு ஃபலேஸ் என்னும் ஊரில் 1386-இல் ஒரு குழந்தையைக் கொன்ற பன்றியை முறைப்படி விசாரித்துத் தூக்கிலிட்டனர்; அதனை இன்று கேட்போர் நகைப்பர். உயிர்களைச் சமமாக மதித்தல் என்பது அவற்றை ஒரே சட்டத்தின் கீழ்க் குற்றவாளிகளாக்குதல் அன்று. வழக்கிற்கு எதிரியாய் நின்ற பாம்பும் மணியடித்திருக்கக் கூடிய ஓருயிரே என்பதை அரசன் மறந்தான் எனல் தகும்.

எல்லாளன் தோன்றிய சோழர் குடியிலேயே இதற்கு மறுதலையான தீர்ப்பு ஒன்று உண்டு. புறாவைக் காத்த சிபியின் வழித்தோன்றல்கள் எனச் சோழரைச் சங்கச் சான்றோர் போற்றுவர். பருந்து துரத்திய புறா சிபியிடம் அடைக்கலம் புகுந்தது. பருந்தோ தன் உணவைக் கேட்டது. சிபி பருந்தைக் கொல்லவில்லை. அதன் பசியையும் முறையான வழக்கென ஒப்பினான். புறாவின் எடைக்குத் தன் தசையை அரிந்து துலையிலிட்டான். ஒருவன் பாம்பின் வயிற்றைக் கீறினான்; மற்றொருவன் தன் உடலைக் கீறினான். உயிர்ச்சமன்மையை இறுதிவரை கொண்டுசென்றவன் சிபியே. ஆயினும் உலகிலுள்ள பருந்துகளுக்கெல்லாம் அளிக்க எவனிடத்தும் தசை இல்லை. ஓருயிர்க்கு மற்றோருயிரை இரையாக்கிய அமைப்பு சிபியின் துலாக்கோலால் மாறிவிடவில்லை. அவ்வமைப்பு ஏன் என்ற வினாவுக்குச் சித்தாந்தத்தின் விடை மேலே கூறப்பட்டது. அதனை ஏற்பாரும் முழுநிறைவோடு ஏற்பதில்லை என்பதற்குச் சிபியின் கதை அழியாது வழங்குவதே சான்று.

வினைக் கொள்கைக்கு உள்ள பெரும் இடர் அதன் பொய்ம்மையன்று, அதன் தவறான பயன்பாடே. 1934 ஜனவரி 15-ஆம் நாள் பீகாரிலும் நேபாளத்திலும் நிலம் நடுங்கிப் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்பொழுது தமிழ்நாட்டிற் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் விடுத்த தண்டனை இது எனத் திருநெல்வேலியிற் பேசினார். தாகூர் இதனை மறுத்து எழுதினார். இயற்பியல் நிகழ்ச்சிக்கு இயற்பியற் காரணமே உண்டு. இவ்வகை வாதம் காந்தியடிகளின் எதிரிகளுக்கே மிகப் பொருந்தும் என்பது அவர் வாதத்தின் சாரம். அம்மறுப்பைத் தமது அரிஜன் இதழில் வெளியிட்டு, இந்நம்பிக்கை தம்மைப் பணிவுறச்செய்து தூய்மையை நாடச் செய்கின்றது என அடிகள் விடையிறுத்தார். இருவரும் தீண்டாமையை வெறுத்தவரே. ஆயின் இடிபாட்டிற் புதைந்தோருள் தீண்டாமையைச் செய்தோரும் இருந்தனர். அதனால் வருந்தியோரும் இருந்தனர். தாகூரின் மறுப்பு இவ்விடத்தில் அசைக்கவியலாதது. தன் துன்பத்துக்குத் தன் வினையைக் காரணமாக்குதல் தவம். பிறர் துன்பத்துக்கு அவர் வினையைக் காரணமாக்குதல் தீர்ப்பு. அத்தீர்ப்பை வழங்கும் உரிமை இறைவனுக்கன்றி உயிர்களுள் எதற்கும் இல்லை என்பதே வினையை ஊட்டுவோன் இறைவன் என்னும் சித்தாந்தத்தினின்று போதருவது. எல்லாளன் முதியவளிடம் அவளது முன்வினையை எடுத்துரைக்காமையும் இதனாற் சிறப்புறுகின்றது.

இவ்வையத்தை நேர்நின்று எதிர்கொண்டவர் வடலூர் இராமலிங்க அடிகள். பசியால் வருந்துவோர் கடவுள் விதித்த தண்டனையை நுகர்கின்றனர்; அவர்க்கு உணவளித்தல் அவன் ஆணைக்கு மாறாகாதோ என்று வினவுவாரைத் தம் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் அவர் எடுத்துக்கொள்கின்றார். கொடுங்குற்றம் செய்து சிறையிற் கிடப்போருக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு உணவளிக்கின்றான். அது அரசாணைக்கு மாறாவதில்லை என்பது அவர் காட்டும் நெறி. 1867-இல் அவர் நிறுவிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அவியவில்லை. யாழ்ப்பாணத்தில் 1870-களின் பிற்பகுதியிற் பஞ்சம் வந்தபொழுது, சித்தாந்தத்தில் இம்மியும் நெகிழாத ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசி தீர்த்தார். அருட்பா வழக்கில் எதிரெதிர் நின்ற இவ்விருவரும் கஞ்சிக் கலத்தின்முன் ஒன்றுபட்டமை சிந்திக்கத்தக்கது.

மூன்றாவது மணி, மழையின் மணி, கொழும்பு மாநகரின் வடகிழக்கு எல்லையிலே இன்னும் ஒலிக்கின்றது. சிவனொளிபாதமலைச் சாரலிற் பிறந்து ஏறக்குறைய 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி கங்கை, கடலை அணுகுமுன் ஒருகொடவத்தை, வெல்லம்பிட்டி, கொலன்னாவை ஆகிய தாழ்நிலங்களின் ஓரமாகச் செல்கின்றது. 2016 மே மாதத்திலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் போதும் இப்பகுதிகள் நீரில் மூழ்கின. சங்கரர் கூறிய மழை கறுவாத்தோட்டத்திலும் ஒருகொடவத்தையிலும் ஒன்றுபோலவே பெய்கின்றது, தேங்கிநிற்பது ஓரிடத்தில். இவ்வேறுபாடு வித்தினாலாயதன்று, நிலத்தினாலாயது. வெள்ளத்தை வாங்கிவைக்கும் சதுப்புநிலங்களை நிரவியவரும், வேறிடமின்றி அவற்றின்மேற் குடியேறியவரும் வெவ்வேறானவர். லிஸ்பன் அழிவு குறித்து 1756-இல் வோல்தேயருக்கு எழுதிய மடலில் றூசோ கூறியதும் இதுவே: ஆறேழு மாடி வீடுகளை அங்கே நெருக்கமாகக் கட்டியது இயற்கையன்று. கொழும்பு 2018-இல் ராம்சார் ஈரநில நகரமென ஏற்புப் பெற்றது. எஞ்சிய ஈரநிலங்களின் பெறுமதி அதற்குமுன் எத்தனையோ வெள்ளங்களால் உணர்த்தப்பட்டிருந்தது.

ஒருகொடவத்தையை அடுத்துள்ள மீதொட்டமுல்லையிலோ மழையும் மனிதனும் பிரித்தறியவொண்ணாதபடி கலந்தனர். முன்னர் கொட்டாஞ்சேனைக்கு அண்மையில் புளூமெண்டாலிற் குவிக்கப்பட்ட நகரக் குப்பை, பின்னர் இங்கே மலையெனக் குவிக்கப்பட்டது. 2017 ஏப்ரில் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். கைவிசேடமும் பலகாரமுமாய் வீடுகள் களித்திருந்த பிற்பகலில் அக்குப்பைமேடு சரிந்து பல வீடுகளை மூடிற்று. முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். இதனை விதி என்றாரும் உளர். வினைக் கொள்கையை முறையாகக் கற்றோர் அங்ஙனம் கூறி அமையார். நுகர்ந்தோன் வினை வேறு, அந்நுகர்ச்சிக்குக் கருவியாய் நின்றோன் ஈட்டும் ஆகாமியம் வேறு. முன்னது பின்னதனைக் கழுவாது. வெள்ளவத்தையின் மாடிவீட்டிலிருந்து காலைதோறும் வெளியே வைக்கப்பட்ட சிறு பையும் அம்மேட்டில் ஒரு பிடி ஆயிற்று என்பது நினைவிற் கொள்ளற்பாலது.

அந்நிகழ்ச்சியில் இறந்த மக்களுக்குப் பட்டியல் உண்டு. வெள்ளத்திலும் சரிவிலும் மாயும் நாய்க்கும் காகத்துக்கும் எப்பட்டியலிலும் இடமில்லை. ஆடுமாடுகள் இடம்பெறுவதுண்டு, ஆனால் உயிரிழப்பின் கீழன்று, பொருளிழப்பின் கீழ். எல்லாளனது அரண்மனையிற் பசு வழக்காளியாய் நின்றது.

மீதொட்டமுல்லை மக்கள் மணியடியாதிருந்தாரல்லர். குப்பைமேட்டை அகற்றுமாறு அவர்கள் ஆண்டுக்கணக்காக முறையிட்டும் ஊர்வலம் சென்றும் வந்தனர். அங்கே குப்பை கொட்டுதல் நிறுத்தப்பட்டது மேடு சரிந்த பின்னரே. 2019 முதல் கொழும்பின் குப்பை, வில்பத்துக் காட்டின் தெற்கேயுள்ள அருவக்காலு என்னுமிடத்துக்குக் கொண்டுசெல்லப்படலாயிற்று. புத்தளத்து மக்கள் அதனையும் எதிர்த்துக் குரல் எழுப்பினர். காட்டுயிர்களின் பொருட்டு முறையிட்டோரும் அவர்களுள் இருந்தனர்.